கார் தாழ்வா இருக்கும்

தாராவியில் மெஹராஜை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. மீன்காரி சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். பால்காரன் முன்னாலேயே பாலில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பாள். அவளுக்குத் தொழில் தையல். மாதுங்காவில் இருக்கும் மாமிகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவர்கள் வீட்டுக்கே போய் அளவெடுப்பாள். "போன தடவை அளவே இருக்கட்டுமே" என்று எந்த மாமியாவது சொன்னால், "அப்ப இருந்த உடம்பா இப்ப இருக்கு?" என்று கேட்டுவிட்டு டேப்பை எடுப்பாள். அப்படிக் கேட்டும் அவளை விட்டு யாரும் வேறு தையல்காரியைத் தேடிப் போகவில்லை. அளவு அவ்வளவு கச்சிதமாக இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஷேக் பரீத் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். தாராவித் தோல் கம்பெனி ஒன்றில் பச்சைத் தோல் கொள்முதல் செய்கிற வேலை. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஹூப்ளி, ஹாவேரி என்று போய்த் தோல் பார்த்து வாங்கிவருவார். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், மகள் மர்யத்தை மடியில் வைத்துக்கொள்வார், தூங்குவார். எங்கே போனீர்கள் என்றால் "கம்பெனி வேலை" என்பார். பேசாத புருஷனும் சந்தேகப்படுகிற பெண்டாட்டியும் ஒரே கோலிக்குள், அந்த ஒற்றை அறைக்குள், குடித்தனம் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அறுபத்தாறாம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மேலப்பாளையத்திலிருந்து தாக்கல் வந்தது. மெஹராஜின் தங்கைக்குக் கல்யாணம். எட்டு வருஷமாக ஊர்ப்பக்கமே போகாத மெஹராஜ் இந்த முறை போயே தீர்வது என்று முடிவு செய்தாள். எப்படிப் போவது என்பதில்தான் வினை தொடங்கியது.

அவள் முதலில் போய் நின்றது மாதுங்காவில், ஷ்யாமளா மாமி வீட்டில். மாமியின் புருஷன் ஜம்புவுக்கு ரயில்வேயில் வேலை. எந்த வண்டி எங்கே நின்று தண்ணீர் பிடிக்கும் என்பதுவரை ஒப்பிப்பார்.

"மெட்ராஸ் மெயில்தான் உத்தமம். சென்ட்ரல்ல எறங்கி எழும்பூர் போயி, அங்கேருந்து திருநெல்வேலி. இல்லேன்னா பூனா போயி பெங்களூர் வண்டி பிடிக்கலாம்" என்றார் அவர்.

"பெங்களூர் வழி வேண்டாம் சார். மெட்ராஸ் வழியே போறோம்" என்றாள் மெஹராஜ். சொன்ன வேகத்தில் ஷ்யாமளா மாமியே நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பாதை அவளுக்கு ஆகாது. தலைப்பிரசவம் உம்மா வீட்டில் நடந்து, நாற்பது கழிந்து, கைக்குழந்தை மன்சூர் அலியோடு பம்பாய் திரும்பியது அந்த வழியில்தான். ஷேக் பரீதுக்குப் பெங்களூரில் ஏதோ வேலை இருந்தது. ரயிலில் தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டது. பிள்ளை ரயிலிலேயே மௌத்தாகிவிட்டது. ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கினார்கள். அவளுக்கு நினைவில்லை. கண் விழித்தபோது மடி காலியாக இருந்தது. "அடக்கிட்டோம்" என்று புருஷன் ஒரே வார்த்தை சொன்னார். எந்த ஊர் என்றுகூட அவள் கேட்கவில்லை. "இனி இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்கக் கூடாது" என்றாள். அவரும் எடுக்கவில்லை. பிறகு மர்யம் பம்பாயிலேயே பிறந்தாள். அவளுக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்ததே தெரியாது.

அது கிடக்கட்டும். மெட்ராஸ் மெயில் என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"மெட்ராசுல எறங்கி எழும்பூருக்கு ஓடணும். சாமானத் தூக்கிட்டு அலையணும்" என்றார் ஷேக் பரீத்.

"கூலி இருக்கான் மச்சான்."

"பாப்போம்."

பார்ப்போம் என்று அவர் சொன்னால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம். அடுத்த வாரம் தானாகவே ஒரு நல்ல காரியம் வந்து வாசலில் நின்றது. கம்பெனி முதலாளி ஜெயினுலாப்தீன் ஹாஜியார் தம்முடைய காரை மதுரைக்கு அனுப்புகிறாராம். டிரைவர் மட்டும் போகிறான், பின் சீட் காலி, நீங்கள் குடும்பத்தோடு ஏறிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். மெஹராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண வீட்டு வாசலில் காரில் போய் இறங்குவதை மனசுக்குள் இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் ஷேக் பரீத்.

"ஏன்?"

"காரு தாழ்வா இருக்கும்."

மெஹராஜ் மெஷினை நிறுத்தினாள். "தாழ்வா இருந்தா என்ன? தலை இடிக்குமா?"

"அதுக்கில்ல" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

தாழ்வாக இருக்கிறது என்று முதலாளியின் காரை வேண்டாம் என்கிற மனுஷனை இந்தப் பம்பாயில் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வழியாகச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பாவுச்சா தக்காவில் கப்பல் ஏறி கோவா போய் அங்கேயிருந்து போகலாமா என்று வேண்டுமென்றே கேட்டாள். கடல் ஒத்துக்காது என்றார். பஸ் மாறி மாறிப் போவோமா என்றாள்.

"பஸ்ஸு நாம நெனச்ச எடத்துல நிக்காது."

"நாம எந்த எடத்துல நிக்கணும்?"

அவர் தலையில் இருந்த தொப்பியை எடுத்து உதறி மறுபடி வைத்துக்கொண்டார். மெஹராஜுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

கடைசியில் அவர் மெல்ல விஷயத்தை அவிழ்த்தார். கம்பெனிக்குத் தோல் ஏற்றிவருகிற மிக்கேல்ராஜின் லாரி மதுரைக்கு லோடு போகிறது. டிரைவர் பக்கத்து சீட்டில் மூன்று பேரும் போய்விடலாம்.

"லாரியிலயா? கல்யாணப் பொண்ணோட லாத்தா லாரியில வந்தான்னு ஊரே சிரிக்கவா?"

"மதுரையில எறங்கி பஸ்ல போயிருவோம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அன்று சாயங்காலம் அவள் தையல் பெட்டியைத் திறந்து, பட்டன் போடுகிற சின்ன டப்பா ஒன்றை வெளியே எடுத்தாள். அதில் பட்டன் இல்லை. காய்ந்து சருகான மல்லிகைச் சரம் ஒன்று இருந்தது. போன கொள்முதலுக்குப் போய்விட்டு வந்த புருஷனின் சட்டைப்பையில் கிடந்தது. சட்டையில் சாம்பிராணி வாசம் வேறு. தோல் வாங்கப் போகிறவன் சட்டையில் பச்சைத் தோல் நாறும், உப்பு நாறும், மல்லிகை ஏன் மணக்கிறது? அன்றைக்குக் கேட்கவில்லை. சமயம் வரும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து கோலி அக்தர் பானுவைத் தேடிப் போனாள். அக்தர் பானு புருஷனை இழந்தவள். புருஷனை அடக்கிய மையவாடிக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லையென்பதால், வெள்ளிக்கிழமைதோறும் மையவாடி கேட்டுக்கு வெளியே நின்று, துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே எங்கோ இருக்கிற புருஷனுக்காக துஆ கேட்டுவிட்டு வருவாள். புருஷனின் கபுர் எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. அவளை அங்கேயே போய்ப் பிடித்து, இருவரும் திரும்பி நடக்கும்போது மெஹராஜ் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கொள்முதலுக்குப் போற ஆம்பளையப் பத்தி எனக்குத் தெரியாதா? நம்ம சந்துலயே ஒருத்தன் ஹூப்ளியில குடும்பம் வச்சிருந்தான். அவன் மௌத்தானப்பறம் ரெண்டு புள்ளையோட வந்து நின்னா ஒருத்தி" என்றாள் அக்தர் பானு.

"அப்படியெல்லாம் இருக்காது லாத்தா" என்றாள் மெஹராஜ்.

"அப்ப ஏன் லாரி? நெனச்ச எடத்துல நிறுத்தலாம், கேக்க ஆளில்ல. ஒன்னயும் கூட்டிட்டுப் போய் அவகிட்ட ஒப்படைச்சு, ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்கன்னு சொல்லப் போறாரு பாரு."

இதைக் கேட்ட பிறகு மனுஷிக்குச் சோறு இறங்குமா? மிக்கேல்ராஜ் சாமான் எவ்வளவு என்று பார்க்க வந்தபோது அவனுக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்து வாயைப் பிடுங்கினாள். மிக்கேல்ராஜும் நெல்லைச் சீமைக்காரன்தான். ஷேக் பரீதோடு பல தடவை அந்த ரோட்டில் போய்வந்தவன்.

"வழியில எங்கெல்லாம் நிப்பாட்டுவீங்க?"

"கோலாப்பூர்ல, ஹூப்ளியில. அப்பறம் ஹாவேரி தாண்டுனதும் பாய் எப்பவும் ஒரு எடத்துல எறங்கிருவாரு மைனி. நான் வண்டிக்கடியில துண்ட விரிச்சு ஒரு தூக்கம் போட்டு எந்திரிப்பேன், அதுக்குள்ள வந்துருவாரு."

"யாரப் பாக்கப் போறாரு?"

மிக்கேல்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அது பாய்தான் சொல்லணும். எனக்கும் ஒங்களுக்கும் எடயில வம்பு, லஃப்டா எல்லாம் வேண்டாம் மைனி."

ஆக, இடம் இருக்கிறது. ஹாவேரி தாண்டி. மெஹராஜ் அன்றைக்கு அழவில்லை, அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. புருஷனிடம் போய், "சரி, லாரியிலயே போவோம்" என்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அந்த ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

அவள் போட்ட திட்டம் இதுதான். அந்தப் பெண்ணை நேருக்கு நேர் பார்ப்பது. மல்லிகைச் சருகை அவள் காலடியில் வீசுவது. பிறகு கல்யாணத்துக்குப் போய், மர்யத்தோடு மேலப்பாளையத்திலேயே தங்கிவிடுவது. பம்பாய்க்குத் திரும்புகிற பேச்சே கிடையாது. அதற்காகத் தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "தங்கச்சிக்கு அங்க வச்சுத் தச்சுக் குடுக்கணும்" என்றாள். பாவம், ஷேக் பரீத் அந்தக் கனத்தைத் தன் தோளில் சுமந்து கொண்டுபோய் லாரியில் ஏற்றினார். உடுத்திக்கொள்ளத் தன் கல்யாணப் பட்டுப் புடவையையே எடுத்தாள். லாரியில் பட்டுப் புடவையா என்று அக்தர் பானு கேட்டாள். நான் யார் என்று அந்த ஹாவேரிக்காரிக்குத் தெரியவேண்டாமா என்றாள் மெஹராஜ்.

கண்டாலா மலைப்பாதையில் வண்டி முனகி ஏறியது. மர்யத்துக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு வளைவிலும் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மெஹராஜ் ஜன்னலோரம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பட்டுப் புடவையில் வேர்த்து ஒழுகினாள். பூனா, சத்தாரா, கோலாப்பூர் எல்லாம் போயிற்று. சுங்கச்சாவடி நாக்காக்களில் வண்டி நின்ற நேரமெல்லாம் அவள் கண் புருஷன் மேலேயே இருந்தது. ஹூப்ளி தாண்டியதும் அவர் நெளிய ஆரம்பித்தார். வெற்றிலை போட்டார், உடனே துப்பினார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். திருட்டுக்கை இப்படித்தான் ஓரிடத்தில் நிற்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஹாவேரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் வாழையிலைப் பொட்டலம். பிரிக்காமலேயே தெரிந்தது, மல்லிகை. பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாங்குகிறார். அவளுக்கு ஒரு முழம் கொடுக்கவும் இல்லை. மெஹராஜின் கை பட்டன் டப்பாவை இறுக்கிப் பிடித்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊர் வந்து கடந்தது. ஊரைத் தாண்டி, ரோட்டை ஒட்டிப் போகிற நீளமான கல் சுவர் ஒன்றின் பக்கத்தில் மிக்கேல்ராஜ் வண்டியை மெல்ல உருட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஷேக் பரீத் கையைக் காட்ட, ஓர் இடத்தில் நிறுத்தினான். மர்யம் தூங்கியிருந்தாள்.

"நீ எறங்க வேண்டாம். இங்கேருந்தே அந்தப் பக்கம் பாரு புள்ள" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தோடு இறங்கிச் சுவரோரமாக நடந்து போனார்.

மெஹராஜ் பார்த்தாள். ரோட்டில் நிற்கிற ஆளுக்கு அந்தச் சுவரைத் தாண்டி எதுவும் தெரியாது. லாரி சீட்டிலிருந்து உள்ளே முழுக்கத் தெரிந்தது. அவள் வீட்டைத் தேடினாள், வீடு இல்லை. பெண்ணைத் தேடினாள், பெண்ணும் இல்லை. மண்மேடுகள் இருந்தன. தலைமாட்டில் நட்ட கற்கள் இருந்தன. எங்கிருந்தோ கேட்டைச் சுற்றிக்கொண்டு ஷேக் பரீத் உள்ளே வந்தார். சுவருக்கு நேர் கீழே, ஒரு வேப்பமரத்தடியில், சுற்றிலும் சின்னச் சின்னக் கல் பதித்து வெள்ளையடித்த ஒரு மேட்டருகே வந்து உட்கார்ந்தார்.

அந்த மேட்டின் நீளத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது நாள் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் சட்டை வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே தைத்தாள்.

மிக்கேல்ராஜ் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கேட்டு அந்தக் கோடியில இருக்கு மைனி. அங்க நின்னா இந்த மூலை தெரியாது. கார்ல வந்தா வெறும் சுவருதான். பஸ்காரன் இங்க நிறுத்தவே மாட்டான். ரயிலு ஸ்டேஷனோட போயிரும், இந்தச் சுவருப் பக்கம் வராது. பாய் போன தடவ இதே சீட்டுல உக்காந்து, ஒங்க ஒசரத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. மெஹராஜுக்கு எட்டும், எட்டும்னு அவராவே சொல்லிக்கிட்டாரு."

அவள் துப்பட்டி நழுவிக் கிடந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. உள்ளே அவர் மல்லிகையைப் பிரித்து மேட்டின் மேல் நீளவாக்கில் வைத்தார். சாம்பிராணி வத்தி கொளுத்தினார். இரண்டு கைகளையும் ஏந்தினார். முடித்துவிட்டு நிமிர்ந்து, சுவருக்கு மேலே தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தார். அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

வண்டிக்குத் திரும்பி வந்தவர் மேலே ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார்.

"பேசக் கூடாதுன்னு நீ சொல்லிட்ட. சொன்னா வரமாட்டியோன்னு நெனச்சேன்."

என்ன இருந்தாலும் அவள் மெஹராஜ் அல்லவா.

"இதுதானா? நல்லாத் தெரியுமா ஒங்களுக்கு? வேற யாரு பிள்ளையோ இல்லையே?"

"நான்தான் புள்ள உள்ள எறங்கி வச்சேன். என் கையாலதான் வச்சேன்."

அதற்குமேல் அவளிடம் கேள்வி இல்லை. இத்தனை வருஷமும் இந்த மனுஷன் ஒற்றையாக வந்து இந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்பெனி வேலை என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, வேதனையாக இருந்தது, அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. ரோட்டில் அதெல்லாம் முடியுமா? அவள் பட்டன் டப்பாவைத் திறந்து காய்ந்த சரத்தை எடுத்து நீட்டினாள்.

"இதையும் போட்டுட்டு வாங்க."

"இது ஏது?"

"ஒங்க சட்டைப்பையில கெடந்தது."

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு மறுபடியும் சுவரோரமாகக் கேட்டை நோக்கி நடந்தார்.

மெஹராஜ் மர்யத்தைத் தட்டினாள். "எந்திரி. எந்திரிச்சு அந்தப் பக்கம் பாரு. ஒங் காக்கா இருக்கான்."

"எந்தக் காக்கா உம்மா?"

"ஒன் அண்ணன். மன்சூர் அலி."

மர்யம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். "சுவருதான் தெரியுது" என்றாள். மெஹராஜ் அவளைத் தூக்கித் தன் மடிமேல், கல்யாணப் பட்டின் மேலேயே, செருப்புக் காலோடு நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டாள்.